பையில் அடங்காத ரோச் லைற்

ரோச் லைற்றை டேனிஷ்காரர் 'சட்டைப்பை விளக்கு' என்கிறார்கள். என்னுடையது எந்தச் சட்டைப்பைக்குள்ளும் போகாது. என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். கறுப்பு உலோகம். அடிமூடியைத் திருகித் திறந்து, தடித்த பற்றறிகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இறக்க வேண்டும். பித்தான் ஒன்றுதான். அமுக்கினால் எரியும், திரும்ப அமுக்கினால் அணையும். வேறு வித்தை எதுவும் அதற்குத் தெரியாது.

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகருக்கு வெளியே, பண்ணைக்காரருக்குச் சாமான் விற்கும் கடையொன்றில் அதை வாங்கினேன். றப்பர் சப்பாத்துகளுக்கும் மாட்டுக் கயிறுகளுக்கும் நடுவில் ஒரு கூடைக்குள் கிடந்தது. அந்த வாரம் வாங்கிய மீனைவிட மலிவு. வீட்டுக்குக் கொண்டு வந்ததும் என் கணவர் சிரித்தார்.

"உது என்னத்துக்கு உமக்கு? போனிலை லைற் இருக்குத்தானே?"

"போன் கதைக்கிறதுக்கு" என்றேன்.

நான் முதியோருக்கு வீட்டுப் பராமரிப்பு வேலை செய்கிறேன். எனக்கு விழும் வீடுகள் ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே தனித்தனியாக நிற்பவை. பெருந்தெருவிலிருந்து பிரியும் கல்லொழுங்கைகளில் விளக்குக் கம்பம் கிடையாது. மாரிகாலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் இருண்டுவிடும். காரை நிறுத்திவிட்டு வாசலுக்கு நடக்கும்போது உறைந்த சேறா, குழியா, கட்டவிழ்ந்த நாயா என்று பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

ஓகூஸ் நகரில் வேலை செய்யும் என் மகள் என் பிறந்தநாளுக்கு நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். மின்சாரத்தில் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஒரு தரம் தட்டினால் மங்கல், இரண்டு தரம் தட்டினால் பிரகாசம், அதற்கு மேல் தட்டினால் சிவப்பு. முதல் நாளே கையுறையோடு தட்டிய தட்டில் அது சிவப்பும் வெள்ளையுமாக மின்னத் தொடங்கிவிட்டது. கதவைத் திறந்த கிழவி என் நெற்றியைப் பார்த்து, "யாருக்கு என்ன நடந்தது? அம்புலன்ஸா?" என்று அலறினாள். அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்துச் சமாதானப்படுத்தும் வரை அது என் நெற்றியில் மின்னிக்கொண்டே இருந்தது. நிறுத்தும் வழி எனக்குத் தெரியவில்லை.

மகளிடம் சொன்னபோது டேனிஷில் பொரிந்தாள். கையேட்டை வாசித்திருக்க வேண்டுமாம்.

"பிள்ளை, வெளிச்சத்துக்குக் கையேடு வாசிக்க எனக்கு ஏலாது" என்றேன். விளக்கைத் துடைத்து அவளிடமே கொடுத்துவிட்டேன். கடற்கரையில் ஓடும்போது கட்டிக்கொள்கிறாள். அவளுக்கு அது நன்றாக இருக்கிறது.

அந்தக் கார்த்திகை மாதம் என் பொறுப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னைவிட இளையவர், அன்பானவர். கோப்பி ஊற்றித் தந்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார்.

"உங்களைப் பற்றி ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது."

யாருக்காவது மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

"வேலையில் ஒரு குறையும் இல்லை. கையில் தடியோடு ஒருத்தி இருட்டுக்குள் திரிகிறாள் என்று ஒருவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். உங்கள் விளக்கைத்தான் சொல்கிறார். அதைப் பார்த்தால் பொலிஸ்காரரின் தடி மாதிரி இருக்கிறதாம். இனி எல்லோருக்கும் கழுத்தில் தொங்கும் சிறிய விளக்குத் தரப்போகிறோம். உங்கள் பெரிய விளக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சரிதானே?"

என் கூட வேலை செய்யும் டேனிஷ் ஆண் ஒருவர் பண்ணை வீடுகளுக்குப் போகும்போது காரில் ஒரு கோடரியே வைத்திருக்கிறார், பாதையில் மரம் விழுந்து கிடந்தால் வெட்ட. அவரைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்ததில்லை.

"இல்லை" என்றேன்.

அவர் நான் விளங்கிக்கொள்ளவில்லை என்று நினைத்து இன்னும் மெதுவாக, சொல் சொல்லாகத் திரும்பச் சொன்னார். இந்த நாட்டில் எனக்குக் கோபம் வரச்செய்ய அது ஒன்றே போதும்.

"விளங்கிவிட்டது. நான் சொன்னது இல்லை என்று."

எனக்குப் பதினாலு வயதில், சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் பற்றறி அரசாங்கம் தடைசெய்த பொருள். சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றறி எல்லாம் தடை. நானும் அப்பாவும் வவுனியாவிலிருந்து திரும்பும்போது அப்பா இரண்டு பற்றறிகளைக் கோதுமை மாப் பைக்குள் ஒளித்துக் கொண்டு வந்தார். வீட்டில் இருந்த ரோச் லைற்றுக்குத்தான். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் மாவுக்குள் கையை விட்டுத் துழாவி அவற்றை எடுத்தான். அப்பாவின் கன்னத்தில் அறைந்தான். நான் பக்கத்தில் நின்றேன். அப்பாவின் மீசையெல்லாம் மா. பற்றறிகளைப் பற்றைக்காட்டுக்குள் எறிந்துவிட்டு எங்களைப் போகச் சொன்னான். வீட்டில் எங்கோ கிடந்த செத்த பற்றறிகளை வெயிலில் காயவைத்து, அரை உயிரோடு எரியவைத்தோம். அதற்கும் குண்டு விமானங்கள் விடவில்லை. "ரோச்சை நூருங்கோ, பொம்மர் சுத்துது" என்று பக்கத்து வளவிலிருந்து யாராவது கத்துவார்கள். நூர்த்துவிட்டு இருட்டுக்குள் இருப்போம்.

இதை நான் பொறுப்பாளரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு என்மேல் இரக்கம் வந்திருக்கும், இரக்கப்பட்டு அனுமதி தந்திருப்பார். அப்படிக் கிடைக்கும் அனுமதி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

"நான் நடக்கிற பாதையை நான்தான் பார்க்க வேண்டும். அது தடி இல்லை, விளக்கு. முறைப்பாடு சொன்னவர் என்னிடம் நேரே வந்து கேட்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கோப்பி அப்படியே இருந்தது.

"இதைப் பற்றி இன்னொரு நாள் கதைப்போம்" என்றார் அவர்.

கழுத்தில் தொங்கும் சிறு விளக்குகள் வந்தன. எனக்குத் தந்ததை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன், அது விதி. என் ரோச் லைற் காரின் முன் ஆசனத்திலேயே கிடந்தது.

மார்கழியில் ஒரு பின்னேரம், மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது. நான் போக வேண்டியிருந்தது தனியே வாழும் ஒரு முதியவரின் வீட்டுக்கு. பன்றிப் பண்ணை வைத்திருந்தவர். பன்றிகள் போய், மனைவியும் போய், இப்போது அவரும் ஒரு கிழட்டு நாயும் மட்டும். எல்லாவற்றிலும் குறை பிடிப்பார். நான் போடும் கோப்பி தண்ணியாம், நான் போட்டுவிடும் காலுறை இறுக்கமாம். எனக்கு அவரைப் பிடிக்கும். என்னோடு மெதுவாகப் பேசாத ஆள் அவர்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, ஆள் இல்லை. கூப்பிட்டேன், பதில் இல்லை. வெளியே எங்கோ நாய் குரைத்தது. வாசலில் நின்று கழுத்து விளக்கை எரித்தேன். என் சப்பாத்து தெரிந்தது, முன்னால் பெய்கிற பனி தெரிந்தது, அவ்வளவுதான். காருக்கு ஓடி ரோச் லைற்றை எடுத்து வந்தேன். அதன் வெளிச்சம் முற்றத்தைக் கடந்து, பன்றிக் கொட்டிலைக் கடந்து, வயல் ஓரம் வரை போனது. அங்கே நாயின் கண்கள் இரண்டும் பளபளத்தன.

அவர் கொட்டிலுக்குப் பின்னாலிருந்த வாய்க்காலுக்குள் கிடந்தார். நாயைத் தேடி வெளியே வந்து வழுக்கியிருக்கிறார். உடம்பில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. ஒரு கால் திரும்பக் கூடாத திசையில் திரும்பியிருந்தது.

"எவ்வளவு நேரம் உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது?" என்றார். பற்கள் கிடுகிடுத்தன.

நான் வாய்க்காலுக்குள் இறங்கியபோது சறுக்கி, ரோச் லைற் கையிலிருந்து தண்ணீருக்குள் போய்விட்டது. அடியில் கிடந்து, கலங்கிய தண்ணீருக்குள்ளும் மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தது. கையை விட்டு எடுத்துக் கரையில் வைத்தேன். அவருடைய அக்குளுக்குள் கையைக் கொடுத்து மேற்பாதி உடம்பைக் கரைக்கு இழுத்தேன். இடுப்பை அசைக்க முடியவில்லை, கத்தினார். என் ஜக்கெற்றைக் கழற்றி அவர் மேல் போட்டேன். பிறகு அவசர இலக்கத்துக்கு அடிக்கப் போனை எடுத்தேன். ஈர விரல்களுக்குத் திரை மசியவில்லை. பிளவுஸின் உட்பக்கத்தில் விரலைத் துடைத்துத் துடைத்துத்தான் அடித்தேன். மறுமுனையில் பேசிய பெண், தொடர்பைத் துண்டிக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாள். ஒரு கை அவர் தலைக்கு அடியில், மற்றக் கையில் போன்.

அம்புலன்ஸின் நீல விளக்கு பெருந்தெருவில் தெரிந்தது. எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போய்விட்டது.

"போய்விட்டான், முட்டாள்!" என்றார் முதியவர். "தா அந்த விளக்கை."

கொடுத்தேன். இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து, மல்லாந்து கிடந்தபடியே தெருப் பக்கம் நீட்டினார். கைகள் நடுங்கியதில் வெளிச்சமும் வயல்மேல் அங்குமிங்கும் ஆடியது. கெட்ட வார்த்தை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு ஆட்டினார். அவருக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் முடிவதற்குள் நீல விளக்கு திரும்பி வந்தது.

அவரை ஏற்றும்போது நாயை என்னிடம் ஒப்படைத்தார். "அதுக்குக் கோப்பி கொடுக்காதே, உன் கோப்பி அதுக்கும் பிடிக்காது" என்றார். அம்புலன்ஸ் போனபின் அந்த நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் குந்தியிருந்து அழுதேன். கண் சிவந்தது குளிரில் என்றுதான் கணவரிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் பொறுப்பாளர் மறுபடி கூப்பிட்டார். தனியாக வெளியே தேடிப் போயிருக்கக் கூடாது, முதலில் அறிவித்திருக்க வேண்டும் என்றார். அது சரி என்று ஒப்புக்கொண்டேன், சரிதான். பிறகு குரலை இறக்கி, ரோச் லைற்றை விதிவிலக்காக வைத்துக்கொள்ளலாம் என்றார். ஒரு நிபந்தனை மட்டும். எங்கள் நிறுவனத்தின் மஞ்சள் ஸ்டிக்கரை அதில் ஒட்ட வேண்டும், பார்ப்பவர் பயப்படாமல் இருக்க.

"நிறுவனத்தின் சின்னம் என் வேலைச் சட்டையிலேயே இருக்கிறது" என்றேன். "சட்டையைப் பார்த்தும் பயப்படுகிறவர் ஸ்டிக்கரைப் பார்த்து என்ன செய்யப்போகிறார்?"

அவர் ஸ்டிக்கரை மேசை லாச்சிக்குள் திரும்பப் போட்டார்.

முறைப்பாடு செய்தது யார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் நான் போகும் ஒழுங்கைகள் எல்லாவற்றிலும், நான் நடப்பது தெரியக்கூடிய ஜன்னல் முதியவரின் பக்கத்து வீட்டில் மட்டும்தான் இருந்தது. கணவரிடம் சொன்னேன், நான் அங்கே போகப்போகிறேன் என்று.

"ஏன் வீண் வில்லங்கம்?" என்றார். பிறகு, "நானும் வாறன்" என்றார்.

"வேண்டாம். நீங்கள் வந்தால் ரெண்டு பேர் வந்து மிரட்டினவை எண்டு சொல்லுவினம்."

தை மாதத்தில் விடுமுறை நாளொன்றில், பட்டப்பகலில், ரோச் லைற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். அழைப்பு மணியை அமுக்கினேன். கதவைத் திறந்தவர் என் வயதுக்காரர், கம்பளிச் சட்டை போட்டிருந்தார். என் கையைப் பார்த்தார், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"வணக்கம். இது விளக்கு" என்றேன். பித்தானை அமுக்கி, ரோச் லைற்றைத் திருப்பி என் முகத்திலேயே அடித்தேன். கண் கூசியது, மூடவில்லை. "இது நான். பக்கத்து வீட்டு முதியவருக்குச் சாப்பாடு கொடுக்கவும் மருந்து கொடுக்கவும் வருகிறவள். அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஜன்னலைத் திறந்து கேளுங்கள். பதில் சொல்வேன்."

அவர் முகம் சிவந்தது. "எனக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. பின்னால் யார் என்று தெரியவில்லை. இந்தப் பக்கம் களவுகள் நடந்திருக்கின்றன" என்றார்.

"களவெடுக்க வருகிறவன் இவ்வளவு பெரிய விளக்கோடு வரமாட்டான்."

அவர் வாய் கோணியது. சிரிப்பா எரிச்சலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஒப்பரேஷன் முடிந்து நடை பழகுகிறார் என்றேன். நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. ஒழுங்கையில் திரும்பி நிமிர்ந்துதான் நடந்தேன். அவருடைய ஜன்னல் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும்.

முதியவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. முதியோர் இல்லத்தில் ஒரு அறையில் இருக்கிறார், நாயும் கூடவே. நான் எப்போதாவது போய்ப் பார்ப்பேன். இல்லத்துக் கோப்பி என் கோப்பியைவிட மோசம் என்கிறார். அதை ஒரு பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

பொறுப்பாளர் வேறு வேலை கிடைத்து ஒடென்சேக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் போன வாரம் காரில் என்னோடு ஒரு சுற்று வந்தார். முன் ஆசனத்தில் கிடந்ததைத் தூக்கிக் கையால் எடை பார்த்துவிட்டு, "இது என்ன, இவ்வளவு பாரம்?" என்று கேட்டார்.

"விளக்கு" என்றேன்.

மேலே என்னவோ சொல்ல வாயெடுத்தார். சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு இருக்கைப் பட்டியைப் போட்டார். நான் காரை எடுத்தேன்.