சந்தா இல்லாத காலிங் பெல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவளுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் ஒரு காலிங் பெல்லால் இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. இதை எழுத உட்காரும்போதும் அடங்கவில்லை. யார் மேல் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

உத்திரமேரூரில் எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, கூடவே பேச்சும் போயிற்று. கோயில் அலுவலகத்தில் முப்பது வருடம் பேசிப் பேசியே வேலை பார்த்தவருக்கு இப்போது 'ம்' என்பதைத் தவிர ஒன்றும் வராது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒருத்தியை அமர்த்தியிருந்தேன். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், ஊர் முடிகிற இடத்திலுள்ள குடியிருப்பிலிருந்து வருவாள். என் வயதுதான் இருக்கும். நான் எட்டு மணிக்குத் திருப்புலிவனம் பஸ்ஸைப் பிடித்துப் போன பிறகு வருவாள், நாலரைக்குக் கிளம்பிவிடுவாள். நான் திரும்ப ஐந்தேகால் ஆகும். நடுவில் இருக்கிற முக்கால் மணி நேரம் அப்பா தனியாகத்தான் இருப்பார். அந்த ஏற்பாடு என்னுடையது.

அப்பாவுக்கு விழுங்குவது கஷ்டம். ஒரு இட்லியை ஊட்ட அரைமணி பிடிக்கும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, அவளுக்கு இருந்தது. அவள் கையால்தான் அவர் வயிறு நிறைந்தது.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி போன தடவை வந்தபோது வாசலில் ஒரு கேமரா பெல்லை மாட்டிவிட்டுப் போனான். யார் வந்து நின்றாலும் படம் பிடித்து எங்கள் இரண்டு பேர் போனுக்கும் அனுப்பும். "இனிமே வூட்டைப் பத்திக் கவலையே இல்லக்கா" என்றான். வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கவலை தீர்வது சுலபம்.

ஒரு மாதம்தான் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது 'உங்கள் வாசலில் யாரோ நிற்கிறார்கள்' என்று தகவல் வந்தது. இடைவேளையில் திறந்தால் படம் இல்லை, ஒரு பூட்டுப் படம்தான் இருந்தது. நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் மாதச் சந்தா கட்ட வேண்டுமாம். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. வாசல் என்னுடையது. கரண்ட் பில்லும் இன்டர்நெட் பில்லும் நான் கட்டுகிறேன். பெல்லையும் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறோம். என் வாசல்படியில் யார் நின்றார் என்று எனக்கே சொல்ல எவனோ ஒருவனுக்கு மாதாமாதம் தட்சணை வைக்க வேண்டுமா? அன்று சாயங்காலமே ஸ்குரூ டிரைவரை எடுத்து அதைக் கழற்றி எறிந்தேன்.

சந்தா கேட்காத பெல் ஒன்றை வாங்கியே தீருவது என்று அடுத்த சனிக்கிழமை காஞ்சிபுரம் போனேன். கடைக்காரர் எடுத்துக் காட்டிய முதல் பெட்டியில் 'ஆயுள் முழுக்க இலவசம்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அடியில் எறும்பு எழுத்தில், நேரலை மட்டும் இலவசம், பழைய பதிவுகளுக்குக் கட்டணம் என்று இருந்தது. "இது யார் தலையில மிளகாய் அரைக்க?" என்று கேட்டேன். "எல்லாம் இப்ப க்ளவுடுதான் மேடம்" என்றார். "எனக்கு மேகமும் வேணாம் மழையும் வேணாம். உள்ளயே மெமரி கார்டு போடற மாதிரி காட்டுங்க" என்றேன். இரண்டாவதில் கார்டு போட இடம் இருந்தது, ஆனால் ஆளையும் மாட்டையும் பிரித்துச் சொல்லத் தனிக் கட்டணமாம். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் குறுக்குவிசாரணை செய்தேன். கரண்ட் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், மேற்குப் பார்த்த வாசலில் வெயிலுக்கு என்ன ஆகும், பழைய பதிவு எத்தனை நாள் நிற்கும், போனிலிருந்து பார்க்கும்போது எங்கேயாவது காசு கேட்குமா? கடைசியில் அவர் தன் போனிலேயே எல்லாவற்றையும் திறந்து காட்டி, தண்ணீர் குடித்தார்.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பின்னாடி தோட்டத்துக் கதவு ஒண்ணு கீதே மேடம். அங்கியும் ஒண்ணு மாட்டிக்கினா நல்லது."

"பின்னாடி யார் வரப்போறாங்க?" என்றேன்.

பெல் பிரமாதமாக வேலை செய்தது. பால்காரர், தபால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் என்று ஒருவர் விடாமல் ஆளைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டு, நேரத்தையும் குறித்து வைத்தது. ஒரு பைசா சந்தா இல்லை. ஏதோ போரில் ஜெயித்த மாதிரி ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தம்பியின் போனிலும் அது தெரியும்படி செய்து கொடுத்தேன். அவன் எழுந்திருக்கும் நேரம் இங்கே சாயங்காலம். காபி குடித்துக்கொண்டே அன்றன்றைய வாசலைப் பார்த்துவிடுவான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தால் அப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் கிடக்கிறார். நெற்றி புடைத்திருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்ததும் அழுதார். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கிப் படுக்க வைத்தேன். டாக்டர் வந்து பார்த்து எலும்பு எதுவும் உடையவில்லை என்றார். தம்பிக்கு வீடியோ காலில் சொன்னேன். அரைமணி கழித்து அவனே திரும்பக் கூப்பிட்டான்.

"அக்கா, அந்தப் பொம்பளை இன்னிக்கு வரவேயில்ல. இன்னிக்கு மட்டுமில்ல, இருக்கற பதிவை முழுசா பார்த்துட்டேன், ஒரு நாள்கூட வரல. வராமயே சம்பளம் வாங்கிக்கினு இருக்கா."

நானும் போனைத் திறந்து தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பால்காரர் இருந்தார், தபால்காரர் இருந்தார், ஒரு குரங்குகூட இருந்தது. அவள் இல்லை. அவளுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். "நான் வந்தேனே டீச்சர், நாலரை வரிக்கும் இருந்தேனே" என்றாள். "கேமரா பொய் சொல்லுமா? நாளையிலேந்து வராதே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். காலையில் அப்பாவின் அழுக்குத் துணிகளைத் துவைக்கத் தோட்டத்துப் பக்கம் போனேன். கொடியில் அவருடைய இரண்டு வேட்டிகள் காய்ந்து மொறமொறவென்று இருந்தன. முந்தின நாள் அவள் துவைத்தவை. பின்கதவுத் தாழ்ப்பாளில் வெளிப்பக்கம் ஒரு சாவி தொங்கியது. விடிந்ததும் வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்தச் சாவியை அவளிடம் கொடுத்தது நான். இரண்டு வருடம் முன்பு வேலைக்கு வந்த முதல் நாள், "பின்பக்கமா வந்துடு, உனக்கு அதுதான் கிட்ட" என்று சொல்லிக் கொடுத்தேன். கிட்டவெல்லாம் இல்லை. தெரு வழியாக வந்தால் நேர் பாதை. பின்பக்கம் வர அவள் குளத்தைச் சுற்றிக்கொண்டு முள்ளுக்குள் நடக்க வேண்டும். அந்தக் குடியிருப்பிலிருந்து யார் வந்தாலும் எங்கள் வீட்டில் அப்படித்தான், அம்மா காலத்திலும் அப்படித்தான். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லாரும் நாசூக்காக 'கிட்ட' என்போம். முன்வாசலில் அவள் ஏறக்கூடாது என்று வைத்ததும் நாங்கள். முன்வாசலில் அவளைக் காணவில்லை என்று திருடி என்று பட்டம் கட்டியதும் நாங்கள். துவைத்த வேட்டியும் குளித்த அப்பாவும் தினமும் கண்ணெதிரே இருந்தும், நான் நம்பியது பச்சைக் கட்டத்தை. அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சரி விடுக்கா, பின்னாடியும் அதே மாடல்ல ஒண்ணு போட்டுடலாம்" என்றான்.

என் ஜென்மத்தில் அவனை அப்படித் திட்டியதில்லை. அவனைத் திட்டும்போதே தெரிந்தது, அவன் அங்கே உட்கார்ந்துகொண்டு சொன்னான், நான் இங்கேயே இருந்துகொண்டு நம்பினேன்.

எதிர்வீட்டு அம்மாவை அப்பாவிடம் உட்கார வைத்துவிட்டு ஏரிக்கரை வழியாக நடந்தேன். இந்த ஊரில் பிறந்து ஐம்பத்தோரு வயது ஆன நான் அந்தக் குடியிருப்புக்குள் கால் வைத்தது அன்றுதான். அவள் வாசலில் சோற்றுத் தூக்கை மூடிக்கொண்டிருந்தாள், களையெடுக்கக் கிளம்பியிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து வாசலின் நடுவில் போட்டாள். நான் உட்காரவில்லை.

"தப்பு என்னோடது" என்றேன். "மன்னிச்சுடு. திரும்பி வா. இனிமே முன்வாசல் வழியாவே வா." கைப்பையிலிருந்து முன்கதவுச் சாவியை எடுத்து நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை. "இன்னாத்துக்கு டீச்சர் இந்தச் சாவி? அந்தக் கேமராவுக்கு நான் தெரியணும்னா, இல்ல எனக்கோசரமா?"

உனக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முந்தின ராத்திரியிலிருந்து அப்பா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அதனால்தான் அவ்வளவு வேகமாக நடந்து வந்திருந்தேன், அது அவளுக்கும் தெரிந்திருந்தது. நீட்டிய சாவியைத் திரும்பக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"அவங்களாண்ட வரேன்னு சொல்லிட்டேன்" என்று களையெடுக்கக் கூப்பிட்டவர்களின் வயல் பக்கம் கையைக் காட்டினாள். தூக்கை எடுத்துக்கொண்டு நாலடி நடந்தவள் நின்று திரும்பினாள். "நைனாக்குத் தண்ணி டம்ளர்ல குடுக்காதீங்க, பொரையேறும். ஸ்பூன்ல குடுங்க. தலகாணிய நல்லா தூக்கி வெச்சிக்கினு, எடது பக்கமா ஊத்தணும். அந்தப் பக்கந்தான் அவருக்கு முழுங்க வரும்."

அவர் என் அப்பா. இரண்டு வருடமாக நான் டம்ளரில்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.