பச்சைப் பெட்டியில் நான், சிவப்புப் பெட்டியில் அவர்

எங்க வீட்டுக்காரருக்கு எழுபது முடிந்ததைக் கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன மண்டபம் பிடித்துச் செய்வதென்று மகனும் மருமகளும் முடிவு பண்ணினார்கள். மாலை மாத்துறது, மதியச் சாப்பாடு, அதோடு பழைய போட்டோக்களைக் கோத்து ஒரு படம். படம் தன் பொறுப்பு என்றாள் மருமகள். ஆனால் தேர்வாய் கண்டிகை கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறவளுக்கு நேரம் ஏது? கம்ப்யூட்டரில் சும்மா கிடைக்கிற ஒரு எடிட்டிங் சாஃப்ட்வேரை இறக்கி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள்.

"அத்தே, போட்டோ தானா நவுராது. நாமதான் கேமரா நவுர்ற மாதிரி காட்டணும். பச்சைப் பெட்டி எங்க வெக்கிறியோ அங்க ஆரம்பிக்கும். செவப்புப் பெட்டி எங்க கீதோ அங்க போய் நிக்கும். நடுவுல அதுவே போய்க்கும். சும்மா வெச்சுப் பாரு, ஒண்ணும் ஒடஞ்சி பூடாது."

நான் அஞ்சாவதோடு நின்றவள். அதில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். ஆனாலும் பச்சையும் சிவப்பும் தெரிந்தால் போதுமாயிருந்தது. பெட்டியைச் சின்னதாக்கினால் ஆள் பெரிசாகத் தெரிவார்கள், பெரிசாக்கினால் ஆள் தூரமாகப் போய்விடுவார்கள். இது பிடிபட எனக்கு ஒரு நாள் ஆச்சு. மகனின் மொட்டைத் தலை, மகளின் சடங்கு, திருவள்ளூர் கோயில் குளத்துப் படியில் எடுத்தது என்று ஒவ்வொன்றாக நகர்த்தினேன். யாரும் பார்க்காத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் கல்யாண ஆல்பம் ஒரு மழையில் ஆரணியாத்துத் தண்ணியோடு போய்விட்டது. அந்தக் காலத்துப் படம் என்று மிஞ்சியது சுவரில் உயரமாக மாட்டியிருந்த ஒன்றே ஒன்றுதான். நாங்கள் ரெண்டு பேரும் வேலை பார்த்த பெயின்ட் டப்பா கம்பெனியில், கல்யாணத்துக்கு முந்தின ஆயுத பூஜையன்று எடுத்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிப் பொட்டலம் கொடுத்து, எல்லாரையும் வாசலில் நிற்கவைத்து எடுப்பார்கள். பொம்பளைங்க இடப்பக்கம் பெஞ்சில். ஆம்பளைங்க வலப்பக்கம் படியில். மூடியில் நெளிவு இருக்கிறதா என்று பார்க்கிற நான் பெஞ்சின் இந்த ஓரம். தகட்டை அமுக்குகிற பிரஸ் மெஷின் ஓட்டுகிற அவர் படியில் அந்தக் கோடி. நடுவில் முப்பது பேராவது இருப்பார்கள்.

மருமகள் அதை ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பெரிசாக ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் வெட்டி ஒரு ஹார்ட்டுக்குள் வைத்தாள். பெண்டாட்டி புருஷனுக்கு இடப்பக்கம்தானே நிற்கணும், அந்த முறைப்படிதான் வைத்தாள். பார்த்தால், நான் அவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"இன்னாத்தே, சண்டை போட்டுக்கினு திரும்பிக்கின மாதிரி கீது! போட்டோகாரன் எதிர்ல நிக்கறான், நீ எங்க பாக்கறே?"

"ஈ வந்துச்சிம்மா" என்றேன். இத்தனை வருஷமும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லிவந்தேன்.

அவள் என் படத்தைத் திருப்பிப்போட்டாள். முகம் அவர் பக்கம் வந்தது. ஆனால் முந்தானை வலத்தோளுக்குப் போய்விட்டது.

"போச்சுடா, சேட்டு ஊட்டு அம்மா மாதிரி ஆயிட்டே" என்று சிரித்தாள். அதற்குள் கம்பெனி வண்டி ஆரன் அடித்தது. "வந்து பாத்துக்கறேன்" என்று ஓடினாள்.

நான் ஹார்ட்டை எடுத்துவிட்டு முழுப் படத்தையும் போட்டேன். பச்சைப் பெட்டியை அவர் முகத்தில் வைத்தேன், சிவப்பை என் முகத்தில். முதல் தடவை கவரைப்பேட்டையில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடியது, ஒரு மூஞ்சியும் தெரியவில்லை. அஞ்சு செகண்டை முப்பதாக இழுத்துவிட்டேன். இப்போது ஆள் ஆளாகத் தாண்டி வந்தது. ஆரம்பாக்கத்திலிருந்து வருகிற தெலுங்குக்காரர், எல்லாரையும் நைனா என்பவர், கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கேன்டீன் சமையல்காரர் தோளில் கிடந்த அழுக்குத் துண்டை மறைக்க மறந்திருந்தார். யாரையும் நம்பாத லைன் இன்சார்ஜ். எனக்கு அடுத்து, மூடி பார்க்கிற அக்கா. நான் அசந்தால் என் பங்கையும் சேர்த்துப் பார்த்துவிடுவாள், இப்போது உயிரோடு இல்லை. அன்றைக்கு மெஷின் நின்றிருந்த அமைதி, சந்தன வாசனை, பொரியில் கடலையைத் தேடித் தின்றது எல்லாம் அந்த முப்பது செகண்டில் வந்தது.

கடைசியில் என் முகம். கேமரா என்னைப் பார்த்து வருகிறது, நானோ அது வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவரில் இருந்தவரை முகங்கள் துவரம்பருப்பு அளவு. நான் தலையைத் திருப்பியது தெரியும், யாரைப் பார்த்தேன் என்பது தெரியாது. எங்க வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற கதை வேறு. "நாந்தான் மொதல்ல பாத்தேன், இது தலையே நிமிராது. பொண்ணு கேட்டுப் போன அன்னிக்குத்தான் என்னை ஆளாவே பாத்துச்சி." நானும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

ரெண்டு பெட்டியையும் இடம் மாத்தினேன். பச்சை என் முகத்தில், சிவப்பு அவர் முகத்தில். இப்போது கேமரா என் பார்வை போன வழியிலேயே போனது. பெஞ்சிலிருந்து படிக்குச் சாய்வாக ஏறி, அவரிடம் போய் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சம்பந்தி வீட்டார், பழைய கம்பெனி ஆட்கள், எல்லார் எதிரிலும் இதையா? திரும்ப மாத்தினேன். அதைப் பார்த்தால் பொய்யாக இருந்தது. மறுபடி மாத்தினேன். சாயங்காலம்வரை இதேதான்.

மருமகள் வந்ததும் ஓட்டிப் பார்த்தாள். "முப்பது செகண்டா? பேஜாரு அத்தே. ஜனம் பந்திக்கு எழுந்து பூடும். பத்துக்கு கொறைச்சிடறேன்."

"வாணாம்மா. அப்படியே இருக்கட்டும்."

அவள் வீட்டுக்கு வந்த நாளாக நான் அவளிடம் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. என்னைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை ஓட்டினாள். கேமரா அவரிடம் நின்றதும், "ஈ அவ்ளோ தூரமா பறந்துச்சி?" என்றாள். நான் அரிசி களையணும் என்று எழுந்து போய்விட்டேன். அவள் முப்பதைத் தொடவில்லை.

மண்டபத்தில் அந்தப் படம் வந்தது. என் முகம் ஒரு ஆள் உயரத்துக்குத் திரையில் நின்றது, பிறகு நகர ஆரம்பித்தது. யாரும் பந்திக்கு எழவில்லை. கம்பெனி ஆட்கள் ஒவ்வொரு முகத்துக்கும் கத்தினார்கள். தெலுங்குக்காரர் கைத்தடியைத் தூக்கி, "நைனா, நாந்தான் அது! தூங்கிக்கினு கீறேன் பாரு!" என்றார். சிரிப்பு அடங்குவதற்குள் கேமரா படியேறி அவரிடம் போய் நின்றுவிட்டது. மூடி பார்க்கிறவர்களில் ஒருத்தி, "அடிப்பாவி, அதானே பாத்தேன்!" என்றாள். நான் மடியில் இருந்த மாலையின் நாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவர் என் பக்கம் குனிந்தார். "இன்னாமே இது? நாந்தான் மொதல்ல பாத்தேன்னு நாப்பது வருசமா சொல்லிக்கினு கீறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?"

"இப்பதான் சொன்னேனே" என்றேன்.

திரையில் மகனின் மொட்டைத் தலை வந்திருந்தது. அவர் கழுத்து மாலையோடு எழுந்து, அத்தனை பேர் நடுவில் நடந்துபோய், கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்ற மருமகளிடம், "அதைத் திரும்ப ஓட்டும்மா, அந்தக் கம்பெனி போட்டோவை" என்றார்.