சாவியைக் கழற்றிய பிறகு

1. முந்திப் போன ட்ரக்டர்

நான் பஸ் சாரதியாக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பலகாமத்துக்கு அப்பால் இருந்து திருகோணமலை நகரத்துக்குப் போகும் பஸ்தான் நெடுங்காலம் என்னுடையது. இப்போது ஸ்டியரிங் பிடிக்கும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன்.

அந்த வருடம் மாதக்கணக்கில் மழை இல்லை. குளங்கள் வெடித்துக் கிடந்தன. மழை இறங்கிய காலையில் ஜன்னலை மூடச் சொன்னேன், ஒருவரும் மூடவில்லை. கொண்டக்டர் நளீம் கூடக் கையை வெளியே நீட்டி நனைத்துக்கொண்டு வந்தான். காய்ந்து இறுகிய நிலம் தண்ணீரைக் குடிக்காது, அப்படியே ஓடவிடும் என்று எனக்குத் தெரியும். மழையைக் கண்ட சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

ஆற்றைக் கடக்கச் சப்பாத்துப் பாலம். தாழ்வாகப் போட்ட சீமெந்துப் பாதை, கைப்பிடி கிடையாது. அதற்கு மேலால் தண்ணீர் ஓடியது. எங்கள் சாரதிமாருக்கு ஒரு வழக்கம் உண்டு. பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஒரு ட்ரக்டரை முந்திப் போக விடுவோம். தண்ணீர் அதன் அச்சுக்குக் கீழே நின்றால் நாங்களும் இறங்குவோம்.

ட்ரக்டர் ஒன்று வந்து, ஆறுதலாக, மெல்ல மெல்லப் போய் அக்கரை ஏறியது. தண்ணீர் அச்சைத் தொடவில்லை.

“அண்ணே, கொஞ்சம் பொறுப்பமே. தண்ணிட நிறத்தைப் பாருங்க. மேல எங்கயோ கரையை உடைச்சிட்டு வருது போல,” என்றான் நளீம்.

முன் சீற்றில் பத்மா என்ற பெண். மடியில் மூன்று வயது மகள், கண் செருகிக் கிடந்தாள்.

“அண்ணை, பிள்ளைக்கு நெருப்பாக் கொதிக்குது. பெரியாஸ்பத்திரிக்குக் கெதியாப் போக வேணும்,” என்றாள்.

“நீ உன்ர டிக்கற்றைப் பார்,” என்று நளீமை அதட்டிவிட்டு கியரைப் போட்டேன். அந்தச் சொல்லுக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

2. பின்கதவு

ட்ரக்டர் காட்டியது கொஞ்ச நேரத்துக்கு முந்திய தண்ணீரை. நான் இறங்கியது வேறு தண்ணீரில். முன் இடது சில்லு பாலத்தில் ஏறியதும் பாதையின் ஓரம் உடைந்து, பஸ் சரிந்து நின்றது. வறட்சியில் அடி மண் சுருங்கி, சீமெந்துக்குக் கீழே வெறுமையாக இருந்திருக்கிறது. பின்னுக்கு எடுத்தேன், ஏறவில்லை. மிதிபலகைக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டது.

பின்சில்லுகள் இன்னும் கரையில் நின்றன. நளீம் பின்கதவைத் திறந்து கத்தினான்.

“ஒருத்தரும் முன்னுக்கு வராதீங்க. சாமானை விட்டுட்டுப் பின்னால இறங்குங்க.”

பத்மாவின் மகளை ஆட்கள் கைக்குக் கை மாற்றிப் பின்னால் கொண்டுபோனார்கள். கடைசியாக நான் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸைத் தண்ணீர் புரட்டி வயலுக்குள் படுக்க வைத்தது.

மேட்டில் நின்றபோது நளீம்தான் கேட்டான்.

“அக்கா, பின்னால சந்தியில ஆஸ்பத்திரி ஒண்டு இருக்கே. அங்க காட்டினீங்களா?”

“இல்லைத் தம்பி. பெரியாஸ்பத்திரி எண்ட நினைப்பிலயே வந்திட்டன்.”

முச்சக்கரவண்டியில் கால் மணித்தியாலத்தில் பிள்ளை அங்கே சேர்ந்தாள், பிழைத்தாள். நாங்கள் அந்த ஆஸ்பத்திரியைக் கடந்துதான் வந்திருந்தோம். முன்னுக்குப் போவதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

3. அதற்குப் பிறகு

விசாரணை நடந்தது, தண்டனையும் கிடைத்தது. நியாயம்தான். அதன்பின் பாலத்தில் தண்ணீர் ஓடினால், எத்தனை ட்ரக்டர் போனாலும் சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவேன். அவசரமாகப் போகிறவர்களுக்கு, வந்த பக்கத்தில் வேறு என்ன வழி இருக்கிறது என்று விசாரிப்பேன். எனக்கு விழுந்த ஏச்சுக்குக் கணக்கில்லை.

ஓய்வுபெற முந்திய மாரிகாலத்தில் ஒருநாள், திருத்திக் கட்டிய அதே பாலத்தில் தண்ணீர். இரண்டு பேர் எழும்பி வந்து, “ட்ரக்டர் போகுதுதானே, எடுங்கோவன்,” என்று சண்டைக்கு நின்றார்கள். சாவியைக் கழற்றப் போன கையை நானும் பின்னுக்கு எடுத்துவிட்டேன்.

பின்னால் இருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“சாவியைக் கழற்றுங்கோ அண்ணை. நாங்கள் இருப்பம்.”

திரும்பிப் பார்த்தேன். பத்மா. பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்போடு மகள், ஜன்னலால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.