இருவர் இழுத்து வந்த படகு

பெக்கான் நானாஸில் ஓர் அன்னாசித் தோட்டத்தின் பின்புறம், தகரக் கொட்டகைக்குள் அந்தப் படகை நாங்கள் முதன்முதலில் பார்த்தபோது அதற்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சின்ன அலுமினியப் படகு. மூன்று பேர் உட்காரலாம், நெருக்கினால் நான்கு பேர். உள்ளே வைக்கோலும் காய்ந்த இலையும் கோழி எச்சமும் கிடந்தன. வெளிப்பக்கத்தை அண்ணன் உள்ளங்கையால் துடைத்தார். துடைத்த இடம் மட்டும் வெள்ளியாகத் தெரிந்தது. கோழி எங்களை முறைத்தது. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். நான் அப்படிச் சிரித்து வெகு காலமாகியிருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் என் கணவர் வேறொரு வாழ்க்கையைத் தேடிப் போயிருந்தார். குளுவாங்கில் நான் இருந்த வீட்டுக்கு உறவினர்கள் வந்து, இழவு வீட்டில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போனார்கள். அண்ணன் மட்டும் இரண்டு தூண்டில்களோடு வந்து வாசலில் நின்று, "கெளம்பு பாப்பா, மீன் பிடிக்கப் போலாம்" என்றார். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு டெக்னிஷியன் வேலை. வாரம் முழுவதும் அங்கே அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனி ஞாயிறுக்குத்தான் லாயாங் லாயாங்கில் இருக்கும் தம் வீட்டுக்கு வருவார். கிடைக்கிற அந்த இரண்டு நாளில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். ஆற்றங்கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எதையும் கேட்க மாட்டார். ஒருநாள் என்னையறியாமல் விசும்பியபோது, மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அழணும்னா அழு. ஆனா சத்தம் போட்டு மீன ஓட்டிராத லா" என்றார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அந்த ஆண்டை நான் தாண்டி வந்தது அவரால்தான். இதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். பின்னால் நடந்தது இவ்வளவு வலித்ததற்குக் காரணமும் இதுதான்.

கரையிலிருந்து எவ்வளவு வீசினாலும் பெரிய மீன் எங்களுக்கு எட்டாத தூரத்தில்தான் துள்ளியது. "ஒரு போட் இருந்தா..." என்று அவர்தான் முதலில் சொன்னார். தேடி அலைந்தது நான். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுவது என் பிழைப்பு. காலையில் ஆட்களை இறக்கிவிட்டால் மாலைவரை நேரம் கிடக்கும். அந்த நேரத்தில் கைப்பேசியில் விளம்பரங்களைத் துழாவி, போன் போட்டுப் பேசி, இரண்டு மூன்று இடங்களில் ஏமாந்து, கடைசியில் இந்தக் கோழிப் படகைக் கண்டுபிடித்தேன்.

படகுக்குச் சொந்தக்காரர் ஒரு சீனப் பெரியவர். முழங்கால் போய்விட்டதால் விற்கிறேன் என்றார். கோழியைத் தூக்கி வேறு கூடையில் விட்ட பிறகு, நான் அவரிடம் தண்ணீர்க் குழாய் கேட்டு வாங்கிப் படகுக்குள் தண்ணீர் பிடித்தேன். ஓட்டை இருந்தால் வெளியே கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்த வித்தையை எங்கோ ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். அடிப்பக்கத்தில் ஒரே ஓர் ஆணித் தலையிலிருந்து மட்டும் சொட்டியது. அண்ணன் முகம் சுண்டிப்போய், "வேணாம் பாப்பா, போயிரலாம்" என்றார். "அண்ணே, ஒரு ஆணிதானே. அடைச்சா சரியாப் போயிரும்" என்றேன். பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாங்கப்போவது யார் என்று மலாயில் கேட்டார். அண்ணன் என் தோளில் கையைப் போட்டு, "நாங்க ரெண்டு பேரும்தான் அங்கிள்" என்றார். ஆளுக்குப் பாதி போட்டுத்தான் வாங்கினோம். ஆனால் அவர் அதைச் சொன்ன விதம் எனக்குக் காசு விஷயமாகத் தோன்றவில்லை. தனியாகிவிட்டவளை மறுபடியும் ஒரு கணக்கில் சேர்த்துக்கொண்டதுபோல இருந்தது.

படகோடு ஒரு பழைய டிரெய்லரும் வந்தது. அண்ணனுடைய பிக்கப்பின் பின்னால் அதைக் கொக்கியில் மாட்டிக் கிளம்பினோம். முதலில் அவர்தான் ஓட்டினார். ஊரைத் தாண்டுவதற்குள் தவறான சந்தில் திரும்பிவிட்டார். பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. டிரெய்லரைப் பின்னால் தள்ளும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகும். அவர் திருப்பத் திருப்ப, படகு வண்டியின் மேலேயே மடிந்து வந்து சாலையை அடைத்துக்கொண்டது. அன்னாசி ஏற்றிய லாரி ஒன்று ஹார்னை அழுத்திப் பிடித்தது. "அலமாக்!" என்று அண்ணன் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். சட்டை முழுதும் வியர்வை. "நீ எடு பாப்பா. என்னால ஆவாது."

நான் எடுத்தேன். எனக்கும் அது புதிதுதான். கொஞ்சம் பின்னால், கொஞ்சம் முன்னால், மறுபடி பின்னால் என்று மெதுவாக நிமிர்த்தினேன். அதற்கப்புறம் வீடுவரை நான்தான் ஓட்டினேன். சிம்பாங் ரெங்கத்தை நெருங்கும்போது ஏதோ கருகும் வாடை வந்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தால், டிரெய்லரின் ஒரு சக்கரத்து நடுப்பகுதியில் கை வைக்க முடியவில்லை. உள்ளே கிரீஸ் வற்றி, பேரிங் காய்ந்துபோயிருந்தது. அண்ணன் சாலையோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். "இத இங்கயே விட்டுட்டுப் போயிரலாம்" என்றார். நான் நடந்துபோய், ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையிலிருந்து மலாய்க்கார ஃபோர்மேன் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் சக்கரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது கிரீஸை விரலால் அப்பி மாட்டிக் கொடுத்தார். அவர் வேலை செய்த நேரத்தில் நாங்கள் இருவரும் சாலையோரம் நின்றபடியே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். பின்னால் படகு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அண்ணன் விரலை நக்கிக்கொண்டே, "நீ இல்லன்னா இந்நேரம் இத விட்டுட்டு ஓடிருப்பேன் பாப்பா" என்றார்.

லாயாங் லாயாங் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. அண்ணி வாசலில் சூடம் காட்டிப் படகுக்குத் திருஷ்டி கழித்தார்.

அடுத்த சில வாரங்கள் எனக்கு நன்றாகவே கழிந்தன. சொட்டிய ஆணியை அடைத்தோம். பழைய என்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். முதல் கடல் பயணம் மெர்சிங்கில் என்று முடிவு செய்தோம். ஒரு சனிக்கிழமையைக் குறித்து, அன்றைக்கு வேன் ஓட்ட வேறு ஆளையும் பிடித்து வைத்தேன். கிளம்புவதற்கு முந்தைய நாள் அண்ணன் போன் செய்தார். என்ஜினில் ஏதோ கோளாறு, பட்டறையில் விட்டிருக்கிறேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், படகையாவது கழுவி வைக்கலாம் என்று லாயாங் லாயாங் போனேன். கார் நிறுத்துமிடம் காலியாக இருந்தது. பிக்கப் இல்லை, டிரெய்லர் இல்லை, படகும் இல்லை. கதவைத் திறந்த அண்ணி என்னைப் பார்த்ததும் திகைத்துப்போனார்.

"உங்களுக்குக் காய்ச்சல்னு சொன்னாங்களே? அதனாலதான் நீங்க வரலன்னு சொல்லிட்டு, கூட வேல செய்றவங்களக் கூட்டிக்கிட்டு மெர்சிங் போயிருக்காங்க."

நான் ஏன் அங்கிருந்து திரும்பி வீட்டுக்குப் போகவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அண்ணனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று போகவில்லை. எங்கேயோ எனக்குத்தான் புரிதல் பிசகியிருக்கிறது, நேரில் பார்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கஹாங் வழியாக மெர்சிங் போகும் அந்த நீண்ட சாலை முழுவதும் அண்ணனுக்காக நானே சமாதானங்களை உண்டாக்கிக்கொண்டு போனேன்.

ஆற்று முகத்தை ஒட்டிய படகுத் துறையில் அவருடைய பிக்கப் நின்றது. அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. படகு வந்தது. அண்ணன் பின்னால் உட்கார்ந்து என்ஜினைப் பிடித்திருந்தார். முன்னால் அவருடைய நண்பர்கள் இருவர். மூவரும் உரக்கச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. "பாப்பா" என்றார், அவ்வளவுதான். நண்பர்களில் இளையவர் நல்ல பிள்ளை. "அக்கா, காய்ச்சல் விட்டிருச்சா? வாங்க, தே குடிக்கலாம்" என்று அன்பாகக் கூப்பிட்டார். நான் காய்ச்சல்காரியாகவே போய்த் தேநீர்க் கடையில் அவர்களோடு உட்கார்ந்தேன்.

பேச்சு படகைப் பற்றித்தான். அந்த இளைஞர் கண் விரியச் சொன்னார்: "உங்க அண்ணன் பெரிய ஆளு லா அக்கா. பெக்கான் நானாஸ்லேர்ந்து ஒத்த ஆளா இழுத்துட்டு வந்திருக்காரு. பாதி வழியில பேரிங் போயிருச்சாம். வேற யாரா இருந்தாலும் அங்கயே விட்டுட்டு ஓடிருப்பாங்க!"

நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும் எனக்கு. "இவளும் வந்தாடா" என்றால் போதும். காய்ச்சல் பொய்யைக்கூட அங்கேயே மன்னித்திருப்பேன். அவர் கரண்டியால் தேயைக் கலக்கிக்கொண்டிருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும். அவர் கலக்குவதை நிறுத்தவில்லை.

கிளம்பும்போது காரருகே வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஏண்ணே?"

அவர் தரையைப் பார்த்தார். "நீ இருந்தா அவனுங்க ஃப்ரீயா பேச மாட்டானுங்க பாப்பா. பொம்பளப் புள்ளய வச்சுக்கிட்டு... நீ தப்பா எடுத்துக்காத."

படகை இழுத்த கதையைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதைக் கேட்டு வாங்குவது எனக்குக் கேவலமாகப் பட்டது. அதற்குப் பிறகு அவர் சில தடவை கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்றேன். அந்தப் படகில் நான் ஒரு நாளும் ஏறவில்லை. கூப்பிடுவதும் நின்றது. சில ஆண்டுகள் கழித்து அதை யாருக்கோ விற்றுவிட்டதாக அண்ணி சொல்லித்தான் தெரியும். எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் இல்லை. தீபாவளிக்குப் போவேன், வருவேன். அண்ணன் எனக்குக் கறி அள்ளி வைப்பார். அவர் பக்கத்தில் இருக்கும்போது பேச எனக்கு எதுவும் இருப்பதில்லை.

அண்மையில் அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். மாப்பிள்ளைப் பையன் மீன் பிடிப்பான் என்று தெரிந்ததும் அண்ணன் உற்சாகமாகிவிட்டார். நாங்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, முதல் படகு வாங்கிய கதையைத் தொடங்கினார். கோழி வந்தது, அன்னாசி லாரி வந்தது. சந்தில் மாட்டிய டிரெய்லரைக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் முன்னால் என்று தாமே நிமிர்த்தினார். மலாய்க்கார ஃபோர்மேனைத் தேடித் தாமே நடந்தார். அண்ணி என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கதை முடிந்ததும் அண்ணன் என்னிடம் திரும்பினார். அவர் முகத்தில் தயக்கமோ மறைப்போ இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். எதுவும் இல்லை. பாசம் மட்டும்தான் இருந்தது.

"அன்னிக்கு நீயும் வந்திருக்கணும் பாப்பா" என்றார். "உனக்கு ரொம்பப் புடிச்சிருக்கும்."

மெர்சிங்கில் தேயைக் கலக்கிக்கொண்டிருந்தபோதாவது, அந்த வண்டியை ஓட்டியவள் நான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.