அருவிக்குப் பின்னால் இருந்த வாள்

இன்று அலுவலகத்தில் சூடேறிய அடாப்டர் ஒன்று நாறியதும், காதர்பேட்டையில் பனியன் பஞ்சு பறக்கும் சந்தில் இதே நாற்றமடிக்கும் வீடியோ கேம் கடை வைத்திருந்த சேகரின் இளிப்பு நினைவுக்கு வந்தது. வாள் தேடிப்போகும் வீரனின் விளையாட்டில் எல்லா ரகசியமும் தனக்குத் தெரியும் என்பான்.

“கெணத்த ஏழு சுத்து சுத்துனா வாளு வந்துரும் கண்ணு.”

அந்தப் புளுகை நம்பிப் பள்ளி விடுமுறை முழுக்கச் சுற்றினோம். என் தங்கை மல்லிகாதான் வீரனைப் பாறை பாறையாக மோதவிட்டு, அருவிக்குப் பின்னால் வாளைக் கண்டுபிடித்தாள். மறுநாளே சேகர் அதைத் தன் ரகசியமாக அளந்துகொண்டிருந்தான்.

“அது நான் கண்டுபுடிச்சதுங்ண்ணா” என்றாள் மல்லிகா.

“பொட்டப்புள்ளைக்கு இதெல்லாம் வருமா?” என்று அவன் சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பின் அவள் அந்தக் கடைக்கு வரவேயில்லை. நான் தினமும் போனேன்.