சிவப்பு அறுபது

பெர்சியாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, பெட்டியைத் திறந்து முதலில் வெளியே எடுத்தது ஒரு கேமராவையும் அதன் தலையில் செருகும் தனி ஃபிளாஷையும். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் வளைகுடா நாடு எதுவானாலும் பெர்சியாதான். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் கேமரா பார்த்தவர்கள் உண்டு. கேமராவிலிருந்து கழற்றி மாட்டுகிற மின்னலைப் பார்த்தவர்கள் இல்லை. மூன்று நாள் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாமாவும் சலிக்காமல் காட்டினார். நான்கு பேட்டரி, பக்கவாட்டில் ஒரு பொத்தான், கொசு பாடுவதுபோல ஒரு கீச்சொலி, பின்பக்கம் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் தயார். விளக்கு எரியும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது என்பது மாமா தாமாகச் சேர்த்துக்கொண்ட விதி. கையேட்டில் அப்படி எதுவும் இல்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. கையேட்டில் இல்லை என்பது எனக்கெப்படித் தெரியும் என்றால், நான் அதைப் படித்திருந்தேன். அச்சடித்த எதையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கும் நோய் எனக்குச் சிறுமியாக இருக்கும்போதே உண்டு. பிற்பாடு அந்த நோய்க்காகவே அரசாங்கம் என்னைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உட்காரவைத்து, ஓய்வு பெறும்வரை சம்பளமும் தந்தது.

ஃபிளாஷ் வந்த நேரம் நல்ல நேரம். அப்பாவின் கடைசித் தம்பிக்கு, எங்கள் சித்தப்பாவுக்கு, அடுத்த மாதம் கல்யாணம். எங்கள் ஆலயம் மிஷனரிமார் கட்டியது. கனத்த சுவர், சிறிய சன்னல். நடுப்பகலிலும் பாட்டுப்புத்தகத்தைக் கதவோரம் கொண்டுபோனால்தான் எழுத்து தெரியும். ஃபிளாஷ் இல்லாமல் அங்கே படம் எடுக்க வழியில்லை. ஃபிளாஷோடு எடுப்பதற்கோ போதகரின் நிபந்தனை ஒன்று இருந்தது. முன்பு ஒரு கல்யாணத்தில் வெளியூர்ப் படக்காரர் ஜெபத்தின் நடுவே நிறுத்தாமல் மின்னலடித்ததில், தாம் எந்த வசனத்தில் நின்றோம் என்பது போதகருக்கே மறந்துபோயிற்று. அன்றிலிருந்து ஆராதனைக்குள் ஒரே ஒரு மின்னல்தான், அதுவும் தாலி கட்டும்போது மட்டும். தவறினால் மறு வாய்ப்பு இல்லை. மேல்முறையீடும் இல்லை.

ஒன்று போதும் என்றார் மாமா. ஒத்திகைக்காக ஒரு ஞாயிறு மாலை வீட்டு முன்னறையில் எல்லோரையும் நிறுத்தி ஏழு படம் எடுத்தார். படத்துக்கு நிற்பதற்கும் எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. வலக்கைப் பக்கம் அப்பாவின் ஆட்கள், இடக்கைப் பக்கம் அம்மாவின் ஆட்கள். வலது ஓரம் ஆக மூத்தவருக்கு. ஆக மூத்தவர் அப்பாவின் அக்காள், எங்கள் அத்தை. அடுத்த வீட்டில் இருந்துகொண்டு எங்கள் வீட்டை ஆண்டவர்.

ஃபிலிம் நெய்யாற்றின்கரைக்குப் போய் ஒரு வாரம் கழித்துப் படமாகத் திரும்பியது. ஏழு படத்திலும் அம்மாவின் ஆட்கள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்ற அப்பா பாதி இருந்தார். அவருக்கு வலப்பக்கம் வெறும் கறுப்பு. சித்தப்பா இல்லை. அத்தை அறவே இல்லை.

அத்தை ஏழு படத்தையும் சீட்டுக்கட்டுபோல ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.

"எனக்க மூஞ்சி எங்கலே?"

"ஃபிளாசுக்க கோளாறாக்கும் அக்கா."

"அந்தக் கோளாறு ஒனக்க அக்காளுக்க பக்கம் போவேல்லியே. ஆளு பாத்து அடிக்கிய வெளிச்சமா?"

மாமா அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். "வெளிச்சத்துக்கு அக்காளக் கண்டா பயமா இருக்கும்" என்றார்.

அத்தை ஏழு படத்தையும் திரும்ப அடுக்கி, உறையில் போட்டு, மாமாவின் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் சத்தம் போடாமல் போனால்தான் பயப்பட வேண்டும்.

காரணம் கண்டுபிடிப்பதில் ஆளுக்கொரு கட்சி. ஸ்டுடியோக்காரர், "ஆளு கூடுதலாணு சாரே, வெளிச்சம் எத்தில்ல" என்று, அத்தனை பேருக்கும் வெளிச்சம் எட்டாதென்று, மலையாளத்தில் தீர்ப்புச் சொல்லியிருந்தார். கல்யாணத்தன்று ஃபிளாஷின் தலையை அத்தை நிற்கும் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தால் சரியாகிவிடும் என்பது மாமாவின் கட்சி. அத்தைக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் வலப்பக்கத்தில், தாலியும் புடவையும் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவர் அவருடைய மூத்த அக்காள். "இந்தக் குந்திராண்டம் சர்ச்சுக்குள்ள வந்தா நான் தட்டு பிடிக்கமாட்டேன்" என்று சொல்லியனுப்பினார். என் தம்பியின் கேமரா வராத கல்யாணத்தில் எனக்கென்ன வேலை என்றார் அம்மா. அப்பா இரண்டு பேரும் சொல்வது சரி என்றார். இரண்டு பேரும் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள்.

கடைசியில் சித்தப்பா இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து ஓர் உடன்பாடு செய்தார். கேமராவும் வரும், அத்தையும் நிற்பார். ஆனால் அத்தை ஒரு பின்குறிப்புச் சேர்த்தார்.

"இனி ஒருக்கா நான் இருட்டுல போனா, இந்த வீட்டு நடையச் சவிட்டமாட்டேன் கேட்டியா."

இதை வெறும் வாய்ச்சொல் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. காட்டாக்கடையில் கட்டிக்கொடுத்த சொந்த மகளின் வீட்டுக்கே, விருந்தில் யாரோ ஒரு சொல் சொன்னார்கள் என்று, ஆறு வருடமாகப் போகாதவர் அவர்.

இந்த நிலையில்தான் நான் ஆவணங்களைப் பரிசீலித்தேன். ஃபிளாஷின் கையேட்டில் நாலாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கேமராவின் வேகத்தை, கேமராவின் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவில் வைக்க வேண்டும். ஓர் ஆணை இன்னோர் ஆணையைச் சுட்டினால் அதைத் தேடிப் பிடித்துப் படிக்க வேண்டும். உலகத்தில் பாதித் தவறுகள் அதைப் படிக்காத சோம்பலில் நடப்பவை. மாமா அந்தக் கேமராவைப் பெர்சியாவில் அறையில் கூட இருந்த ஒருவரிடம் பழையதாக வாங்கியிருந்தார். அதன் கையேடு அட்டைப்பெட்டியின் அடியில், மடிப்புக் கலையாமல் கிடந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு சாயங்காலத்தில் படித்து முடித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். கேமராவுக்குள் இரண்டு கறுப்புத் துணித்திரைகள் உண்டு. முதல் திரை திறந்துகொண்டு ஓடும். இரண்டாவது மூடிக்கொண்டே பின்னால் வரும். வேகம் அறுபதில், அதாவது நொடியில் அறுபதில் ஒரு பங்கில், இருந்தால், முதல் திரை முழுக்கத் திறந்த பிறகுதான் இரண்டாவது புறப்படும். ஃபிளாஷ் அந்த இடைவெளியில் எரியும். அதைவிட வேகமாக வைத்தால், ஃபிளாஷ் எரிகிற நொடியில் இரண்டாவது திரை பாதி வழி வந்து பாதிப் படத்தை மூடியிருக்கும். யாரும் மறந்துவிடக் கூடாதென்று, கேமராவின் தலையில் இருக்கும் வட்டத்தில் அறுபதை மட்டும் சிவப்பில் எழுதியிருப்பார்கள்.

மாமாவின் கேமராவில் அந்த வட்டமே தெரியாது. பழைய சொந்தக்காரர் பெர்சிய வெயிலுக்கு ஏற்றபடி அதை நூற்றிருபத்தைந்தில் வைத்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை அதன்மேல் ஒட்டி, இதை இனி ஆயுசுக்கும் அசைக்காதே என்று சொல்லிக் கொடுத்திருந்தார். மாமா வேதவாக்கைக்கூட அவ்வளவு பக்தியோடு கைக்கொண்டதில்லை.

பின்முற்றத்தில் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் கையேட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மாமா, அறுபதுல வைக்கணும். அது சிவப்புல இருக்கும்."

"சிவப்பு அழகுக்காக்கும் மக்கா. நூத்தியிருவத்தஞ்சுக்க பாதிதான் அறுபது. இருட்டுக்குள்ள போறப்ப ஆராவது பாதியாக் கொறைப்பினுமா?"

"புஸ்தகத்துல உண்டு மாமா. திரை பாதி மூடிடும். அதுதான் ஒரு பக்கம் கறுப்பு."

"புஸ்தகம் எழுதினவன் பெர்சியாவுல நின்னு படம் எடுத்திருக்கானா? போ, போய் பாடத்தப் படி. பிளாஸ்திரியத் தொட்டா கைய ஒடிச்சிடுவேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவும் சத்தம் சற்று நின்று, பிறகு தொடர்ந்தது. நான் அழவில்லை. எனக்கு வேண்டியிருந்தது நீதி. கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

கல்யாணத்தன்று காலையிலிருந்தே மழை. ஆலயத்துக்குள் மெழுகுவர்த்தி ஏற்றியும் முகம் தெரியவில்லை. முன்வரிசை பெஞ்சில் மாமா கடையைப் பரப்பினார். புதுப் பேட்டரி போட்டார். ஃபிளாஷைச் செருகித் திருகினார். பீடத்தின் படியிலிருந்து மணமக்கள் நிற்கும் இடம்வரை அடியெண்ணி நடந்து, பத்தடி என்று கண்டு, ஃபிளாஷின் முதுகிலிருந்த அட்டவணையைப் பார்த்து லென்ஸின் வளையத்தைத் திருப்பினார். அதிலெல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிளாஸ்திரி மட்டும் அப்படியே இருந்தது.

அப்போதுதான் வாசலில் அத்தையின் குரல்.

"எலே, இஞ்ச வா."

"நேரமாச்சு அக்கா."

"நேரம் ஒனக்கு மட்டுமா? வாலே."

மாமா கேமராவை என் பக்கத்தில் வைத்தார். "பாத்துக்கிடு மக்கா. தொட்டிராத" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். அத்தை கதவை அடைத்துக்கொண்டு நின்றார். நல்ல ஆகிருதி. அவருக்கு அப்பால் மாமாவின் தலைமுடி மட்டும் தெரிந்தது.

"பீடத்துல ஏறி நிக்கப்போறவன் இந்தச் சட்டையவா போடது? இது என்ன மிருகமாக்கும்?"

"ஒட்டகம் அக்கா. அங்க எல்லாரும் போடதுதான்."

"எத்தன ஒட்டகம்?"

"அக்கா..."

"எண்ணுலே. போதகர் கேட்டா நான் சொல்லாண்டாமா?"

நான் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் பெர்சிய மணல் ஒட்டியிருந்தது. வட்டத்தை ஒரே ஒரு சொடுக்கு திருப்பினேன். சிவப்பு அறுபது வந்து நின்றது. பிளாஸ்திரியைத் திரும்ப வைத்தேன். அது ஒட்டவில்லை. பசை ஆயுசு முடிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எடுத்தால் எழும்பியது. மறுபடி அழுத்தினேன்.

"...ஒம்பது, பத்து."

"முதுகுல உள்ளத ஆரு எண்ணுவா, ஒனக்க மச்சினனா? திரும்பு."

முதுகில் ஏழாவது ஒட்டகத்தை அத்தை எண்ணும்போது ஆலய மணி அடித்தது. இன்னும் அழுத்தினேன். மெதுவாக விரலை எடுத்தேன். பிளாஸ்திரி நின்றது. நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"செரி, போ" என்றார் அத்தை, தோளுக்குமேல் ஆலயத்துக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு. "கர்த்தர் பொறுத்துக்கிடுவாரு."

சரியான நேரத்தில் அத்தைக்குக் கோபத்தைத் தந்த கர்த்தருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

தாலி கட்டும் நேரம் வந்தது. போதகர் மாமாவைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். மாமா படியோரத்தில் நின்று, ஃபிளாஷின் தலையை அத்தை பக்கம் கொஞ்சம் சாய்த்தார். கொசு பாடியது. ஆரஞ்சு விளக்கு எரிந்தது. எல்லோரும் மூச்சை அடக்கினார்கள், அவர்களுக்கும் அந்த விதி பழகிவிட்டிருந்தது. சித்தப்பாவின் கை முடிச்சில் இருந்தபோது ஆலயம் ஒரு கணம் முழுக்க வெளுத்து, மீண்டும் இருண்டது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. அவ்வளவுதான்.

பந்தியில் மாமா அதே ஒட்டகச் சட்டையோடு பரிமாறிக்கொண்டிருந்தார். அத்தை இலையிலிருந்து நிமிர்ந்து, "சட்ட கொள்ளாமே. பெர்சியாவுல எடுத்ததா?" என்று கேட்டார். காலையில் ஏசிய சட்டையை மத்தியானம் மெச்சும் பெரியவர்களின் புத்திக்கு நிலையில்லை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அத்தை என்னைக் கூப்பிட்டு என் கையில் பந்திப் பலகாரத்திலிருந்து இரண்டு முந்திரிக்கொத்து வைத்தார். முந்திரிக்கொத்துக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

ஒரு வாரம் கழித்து உறை வந்தது. மாமா அதைப் பிரிக்காமல் அப்பாவிடம் நீட்டினார். அப்பா பிரித்தார். படத்தில் ஓரத்திலிருந்து ஓரம்வரை எல்லோரும் இருந்தார்கள். போதகர், சித்தி, சித்தப்பா, தட்டோடு அத்தை, தூணில் தொங்கிய பழைய பலகையின் எழுத்துவரை. மாமா படத்தைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார். அம்மா அவருக்குப் பின்னால் சுற்றினார். "நான் சொன்னேம் பாத்தியளா, சரிச்சு வச்சதுதான் காரியம்" என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கினார். அத்தை நடையை மிதித்து உள்ளே வந்து, படத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "கொள்ளாம்" என்றார். அந்த வருடம் எங்கள் ஊரில் கொடுக்கப்பட்ட மிக உயர்ந்த விருது அதுதான்.

விடுமுறை முடிவதற்குள் மாமா பூவார்வரை போய் நான்கு கல்யாணத்துக்குப் படம் எடுத்தார். நான்கிலும் எல்லோருக்கும் முகம் இருந்தது. பெர்சியாவிலிருந்து அவர் எழுதிய முதல் கடிதத்தில், இந்த வருடம் இங்கே வெயில் போன வருடத்தைவிடக் கடுமை, படமெல்லாம் கொஞ்சம் வெளுத்து வருகிறது என்று இருந்தது. பிளாஸ்திரியை அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. ஒரு குடும்பத்தையே தனியாளாக நின்று காப்பாற்றியவள் என்ற கர்வத்தோடு வளர்ந்தேன். அந்தக் கர்வம் பதிவு அலுவலகத்தில் எனக்கு நன்றாகவே உதவியது.

சென்ற மாதம் சித்தப்பாவின் மகன் அந்தப் படத்தைக் கைபேசியில் அனுப்பியிருந்தான். இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன். சித்தப்பா முடிச்சைப் பார்க்கிறார். சித்தி தரையைப் பார்க்கிறார். போதகர் கண்ணை மூடிவிட்டார். மின்னல் வரும் என்று தெரிந்தும் அத்தனை பேரும் அதற்குத் தயாராக இல்லை. ஏழு தடவை இருட்டில் போன அதே ஓரத்தில் அத்தை மட்டும் நேராகக் கேமராவைப் பார்த்து நிற்கிறார். தட்டைக் கழுத்துச் சங்கிலி மறையாத உயரத்துக்கு இறக்கிப் பிடித்திருக்கிறார். முந்தானை மடிப்புக் கலையவில்லை. உதட்டில் சிரிப்பு, முன்கூட்டியே தயாரித்து வைத்த சிரிப்பு.

வேலை பார்த்த காலமெல்லாம் சாட்சிகளின் கையெழுத்தைச் சரிபார்த்தவள் நான். வேலிக்கு அந்தப் பக்கம் தேங்காய் துருவும் சத்தம் நின்ற கணத்தை மட்டும் சரிபார்க்காமல் விட்டிருந்தேன். முன்னும் பின்னுமாகப் பதினேழு ஒட்டகம், நான் கட்டைவிரலை எடுக்கும்வரை எண்ணப்பட்டது.