பொட்டு வைக்காத கம்ப்ரசர்

லெட்சுமி அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் சுங்கை காடுட்டில் வேலை முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பஸ்ஸில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். நம் பெயிண்ட் பிரிவில் அவரோடு நின்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஃபேக்டரியில் நாம் பார்த்தது பாதி அக்காதான். லாபுவில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. விடுமுறை நாட்களில் அவரும் தம்பி குணாவும் அங்கே தைப்பூசக் காவடிகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பார்கள். கூடமாட உதவ நானும் போவேன். வாய் இருவருக்கும் சமம். காற்றுக்கு ஒரு பழைய கம்ப்ரசர். ஆயுத பூசைக்கு அதைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பது குணாவின் உரிமை.

ஒரு வருடம் பூசை முடிந்த கையோடு, டாங்கியில் காற்று நிற்கவே இல்லை. மிஷின் ஓயாமல் ஓடியது. ஸ்ப்ரேவுக்குக் காற்று கொண்டுபோகும் டியூபை மாற்ற வேண்டும் என்றார் குணா. அக்கா ரேடியோவை அணைத்தார். டாங்கியை நிரப்பி, மிஷினை நிறுத்தி, டியூபுக்குக் காற்று போகும் வாயை மூடினார். அப்போதும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் முள் இறங்கியது.

“டியூப்ல இல்லலா, டாங்கி பக்கந்தான்” என்று, சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார். கடைசியில், காற்று மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வில் நுரை பொங்கியது. டேப் சுற்றி அடைத்துவிடலாமே என்றேன் நான்.

“நல்லா சொன்ன போ! அத அடைச்சா டாங்கி வெடிச்சிரும்மா.”

காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு வால்வைக் கழற்றினார். உள்ளே காய்ந்த சந்தனம், வால்வை முழுசாக மூடவிடாமல். பக்தி முற்றி, குணா அதன் வளையத்தை இழுத்து உள்வரை அப்பியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. பெயிண்ட் அடிக்கக் காவடியோடு வந்திருந்த குடும்பமே நின்று பார்க்க, “ஒன்ன வச்சிக்கிட்டு ஒரு வேல உருப்படுமா? மூள இருக்காடா?” என்று கத்தினார். குணா ஸ்பேனரைக் கீழே வைத்தார். சுவாவில் இருக்கும் தன் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை.

புது வால்வு மறுநாளே மாட்டியாயிற்று. அக்காவும் தம்பியும்தான் விடாக்கண்டன் கொடாக்கண்டன் ஆனார்கள். ஒரு போன் போடுங்களேன் என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். “அவந்தான சின்னவன், அவனே வரட்டும்லா” என்பார்.

ஆனால் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் கத்தரிக்கோல், தையல் மிஷின், அரிவாள்மனை வரை பொட்டு வைப்பவர், கம்ப்ரசரை மட்டும் துடைத்து அப்படியே விட்டுவிடுவார். போன பூசையன்று நான் சந்தனக் கிண்ணத்தோடு அதனருகே போனேன். என் கையைத் தட்டிவிட்டார்.

“அது தம்பி வேலமா. அவன் வந்து வைப்பான்.”

எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. லாபுவுக்கும் சுவாவுக்கும் அப்படி என்ன தூரம்?

குணா வந்தார், அக்காவைத் தூக்க. எல்லாம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு என்னிடம் வந்து, “அக்கா என்னயப் பத்தி எதாச்சும் பேசுவாங்களா?” என்று கேட்டார்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, ‘அவன் வந்து வைப்பான்’ என்ற அந்த ஒரு பேச்சுதான். அது எனக்கு உரியதல்ல. உரியவர் கேட்க வந்து நின்றபோது, அதைச் சொல்ல வேண்டியவர் இல்லை.

நான்தான் சொன்னேன்.